பேச ஒரு வாய்: கேமரன் மலைச் செமாய் மக்களிடையே தலைமை தோன்றிய விதம்

பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தாவுக்கு இறங்கும் வழியில் உள்ள செமாய்க் குடியிருப்பில், ஊர்த்தலைவர் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பலகைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அரசு முத்திரையிட்ட நியமனக் கடிதம் தொங்கியது. மலை ஈரம் சட்டத்துக்குள்ளும் புகுந்து தாளின் கீழ்மூலையைப் பழுப்பாக்கியிருந்தது. பிள்ளைகள் ஓடி வந்து அவரைத் ‘தாத்தா’ என்று கூப்பிட்டார்கள். செமாய் மொழியில் முதியவரை அழைக்கும் சொல் அது. நம் சொல்லோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான். சற்று நேரத்தில் காய்கறித் தோட்டத்து லாரிக்காரர் ஒருவர் வாசலில் நின்று ‘தோக் பாத்தின்’ என்று குரல் கொடுத்தார். இரண்டு அழைப்புக்கும் அவர் ஒரே மாதிரி திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்குள் ஒரு பெயர், வாசலில் வேறொரு பெயர். இவ்விரண்டுக்கும் இரண்டு வெவ்வேறு வரலாறுகள் இருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கேள்வி

மலேசியாவின் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களை அரசு 18 இனங்களாகப் பிரித்து நெக்ரிட்டோ, செனோய், மலாயு அஸ்லி என மூன்று தொகுதிகளில் வைத்திருக்கிறது. செனோய்த் தொகுதியைச் சேர்ந்த செமாய் மக்களே அவர்களில் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். பேராக்கின் மலையடிவாரம் தொடங்கிப் பகாங்கின் தெலோம், பெர்த்தாம் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வரை அவர்கள் நிலம். அவர்கள் பேசுவது ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தின் அஸ்லியன் கிளையைச் சேர்ந்த மொழி. 1885இல் வில்லியம் கேமரன் அளவை செய்ய வந்தபோதும், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோதும், இந்த மலை ஆளில்லாத காடாக இருக்கவில்லை. நம் முன்னோர் கொழுந்து பறிக்க ஏறி வந்த பாதைகளுக்கு முன்பே இங்கே பாதைகள் இருந்தன.

இந்த மக்களிடம் பழைய காலத்தில் அரசர் போன்ற ஒருவர் இருந்தாரா? ‘அஸ்லிக்காரர்களுக்கு ராஜா மாதிரி ஒருவர் உண்டு, அவர்தான் பாத்தின்’ என்பது தோட்டங்களில் நான் சிறு வயதிலிருந்து கேட்டுவரும் விளக்கம். தமிழர்களாகிய நமக்கு அது எளிதில் ஒட்டிக்கொள்கிறது. பறம்பு என்றால் பாரி, பொதியில் என்றால் ஆய் என்று படித்தவர்கள் நாம். மலை இருந்தால் அதற்கு ஒரு வேள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இந்த எதிர்பார்ப்பையே முதலில் ஐயத்துக்கு உட்படுத்த வேண்டும். (பழைய தோட்டத் தமிழில் வழங்கிய ‘சக்காய்’ என்ற சொல், அடிமை, அண்டிப் பிழைப்பவர் என்ற பொருள் ஏறியது. அதை இங்கே நான் பயன்படுத்தவில்லை.)

நைஜர் கழிமுகத்திலிருந்து ஓர் ஒப்பீடு

இதே கேள்வி வேறொரு மக்களைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாக விவாதிக்கப்பட்டிருக்கிறது. நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் இஜாவ் மக்களிடையே கிழக்குப் பகுதியில் மட்டும் ‘அமன்யனபோ’ என்ற மன்னர் பதவி இருந்தது. ‘ஊருக்கு உடையவர்’ என்பது அதன் பொருள். போனி, நெம்பே, கலபாரி, ஒக்ரிகா ஆகியவை அத்தகைய நகர அரசுகள். கழிமுகத்தின் நடுப்பகுதியிலோ, அதே இனத்தார் ஊரின் மிக மூத்த ஆண் தலைமையில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். மன்னர் என்று ஒருவர் இல்லை.

கென்னத் ஒன்வுக்கா டிக்கே 1956இல் வெளியிட்ட நூல், ஐரோப்பியரோடு நடந்த அட்லாண்டிக் வாணிகமே இந்த அரசுகளுக்கு உருக்கொடுத்தது என்ற பார்வையை வலுவாக முன்வைத்தது. ஜி. ஐ. ஜோன்ஸ் 1963இல் அவற்றை ‘வாணிக அரசுகள்’ என்றே பெயரிட்டு ஆராய்ந்தார். நெம்பேயைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் இ. ஜே. அலகோவா இதை மறுத்தார். உவர்நீர்ச் சதுப்பில் குடியேறியவர்களுக்கு மீனும் உப்பும் கிடைத்தன, கிழங்கும் வாழையும் கிடைக்கவில்லை. உணவுக்காக உள்நாட்டோடு நெடுந்தூரம் படகோட்டி வாணிகம் செய்ய வேண்டியிருந்தது. ஒழுங்குபட்ட தலைமை அப்போதே, வெள்ளையர் வருவதற்கு முன்பே, தேவைப்பட்டது என்பது அவர் வாதம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியரான பச்செக்கோ பெரைரா, ரியோ ரியால் முகத்துவாரத்தில் சுமார் 2,000 பேர் வாழ்ந்த, உப்புக் காய்ச்சும் பேரூரைப் பற்றி எழுதியிருப்பதும், உள்நாட்டிலிருந்து பெரிய படகுகளில் கிழங்கும் ஆடுமாடும் வந்ததாகச் சொல்வதும் அலகோவாவின் பக்கம் சாய்கின்றன.

எனக்கு இந்த விவாதத்தில் பயன்படுவது யார் வென்றார் என்பதல்ல. இரு தரப்பும் ஒரு புள்ளியில் ஒத்துப்போகின்றன: அரசர் தோன்றுவது ஒரு சமூகம் வெளியாரோடு தொடர்ந்து கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளும் இடத்தில்தான். அந்த வெளியார் யார், எப்போது வந்தார் என்பதில்தான் வேறுபாடு. மொழியும் மரபும் ஒன்றாக இருந்தும், கிழக்கே உவர்நீர்ப் பக்கம் மன்னரும், நடுவே நன்னீர்ப் பக்கம் மூத்தோர் அவையும் நின்றன. இந்த அளவுகோலோடு நம் மலைக்குத் திரும்புவோம்.

பட்டங்களின் வரைபடம்

ஸ்கீட், பிளாக்டன் இருவரும் 1906இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பூர்வகுடிகள் பற்றிய நூல், அதுவரை சேர்ந்த செய்திகளின் களஞ்சியம். அதில் பாத்தின், ஜினாங், ஜுக்ரா என அடுக்கடுக்கான தலைமைப் பட்டங்கள் வருகின்றன. அவசரமாகப் படிப்பவர் எல்லாப் பூர்வகுடிகளுக்கும் இப்படியோர் அரசியல் அடுக்கு இருந்ததாக முடிவுகட்டிவிடுவார். கவனித்தால் இந்த அடுக்கு முழுதும் தெற்கே, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான் பக்கத்து மக்களிடமே திரண்டிருப்பது தெரியும். தெற்கத்தியர் மலாய் அரசவைகளோடு நூற்றாண்டுகளாக நெருங்கியிருந்தவர்கள். நெகிரி செம்பிலானில் சுங்கை ஊஜோங், ஜெலெபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகியவற்றின் ‘உண்டாங்’ என்னும் ஆட்சித்தலைவர் பதவி பிடுவாண்டா குலத்தாருக்கே உரியது. மினாங்கபாவ் குடியேறிகளுக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்த வழி அது என்பது மரபு. நிலத்தின் முதல் உரிமை யாரிடம் இருந்ததோ அவர்கள் இரத்தம் ஆட்சியாளரிடம் ஓட வேண்டும் என்ற எண்ணம் அங்கே நிறுவனமாகவே ஆகிவிட்டது.

வடக்கே மலைக்குள் ஏற ஏறப் பட்டங்கள் மெலிகின்றன. மலாய் அரசவைக்கு அருகில் பட்டம் அடர்ந்தும், தொலைவில் அருகியும் இருப்பது, கழிமுகத்தின் இரு பகுதிகளைப் போலவே, தலைமையின் ஊற்று எங்கே என்பதைச் சுட்டுகிறது.

சொற்களும் அதையே சொல்கின்றன. ஊர்த்தலைவரைக் குறிக்கும் ‘பெங்ஹுலு’ மலாய்ச் சொல். தலை என்று பொருள்படும் ‘ஹுலு’ அதன் வேர். ‘பாத்தின்’ பட்டமும் மலாய் வழியாகப் பரவியதே. செமாய் மொழி தனக்கே உரிய சொற்களால் காட்டையும் உறவையும் நோயையும் நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லக்கூடியது. அந்த மொழி ஆளும் பதவிக்கோ சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறது. சொல் கடனாக வந்தால் பொருளும் கடன்தான் என்று உடனே முடிவு செய்வது பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘ராஜா’ என்ற சொல் வருவதற்கு முன் தமிழரிடம் கோ இல்லாமலா போயிற்று? ஆனால் நம்மிடம் கோவும் வேந்தும் கூடவே நின்றன. இங்கே அப்படி நின்ற சொல் முதியவரைக் குறிக்கும் சொல்தான்.

ஆணை இல்லாத தலைமை

ராபர்ட் நாக்ஸ் டென்டன் 1960களின் தொடக்கத்தில் செமாய் ஊர்களில் தங்கி ஆராய்ந்து 1968இல் எழுதிய நூல் இத்துறையில் அடிப்படை நூல். அதில் எனக்கு மறக்க முடியாத பகுதி குழந்தைகளைப் பற்றியது. தகப்பன் பிள்ளையிடம் ஒரு வேலை சொல்கிறார். பிள்ளை ‘பூட்’ என்கிறது. ‘எனக்கு மனமில்லை’ என்பது அதன் பொருள். பேச்சு அதோடு முடிகிறது. அதட்டலும் இல்லை, அடியும் இல்லை. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் செய்யவைப்பது அவருக்குக் கேடு வருவிக்கும் என்று அவர்கள் கருதுகிறார்கள். ஒருவர் ஆசையை முறித்துவிட்டால் அவருக்கு விபத்து நேரலாம், முறித்தவரே பொறுப்பு. இந்தக் குற்றத்துக்குப் ‘புனான்’ என்று பெயர். தன் பிள்ளைக்கே கட்டளையிடாத ஒரு தகப்பன் வாழும் ஊரில், பிறர் பிள்ளைகளுக்குக் கட்டளையிடும் மன்னன் எங்கிருந்து வருவான்?

அப்படியானால் சண்டை சச்சரவு வந்தால்? அதற்குத்தான் ‘பெச்சாரா’. கிளேட்டன் ரோபர்செக் 1979இல் எழுதிய கட்டுரை இதை விரிவாக விளக்குகிறது. இருதரப்பு உறவினரும் தலைவர் வீட்டில் கூடுகிறார்கள். முதியவர்கள் முதலில் ஊர் ஒற்றுமையைப் பற்றி, ஒருவரையொருவர் சார்ந்து வாழ்வதைப் பற்றி நெடுநேரம் பேசுகிறார்கள். பிறகு வழக்காளிகள் பேசுகிறார்கள். அவர்களுக்காக உறவினர் பேசுகிறார்கள். சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள். இரவு போகிறது, பகல் வருகிறது, சில வேளை மறுநாள் இரவும் போகிறது. யாருக்கும் சொல்ல எதுவும் மிச்சமில்லை, கோபம் கரைந்து களைப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது என்ற நிலையில்தான் தலைவர் முடிவுரை சொல்வார். தண்டம் விதித்தாலும் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதுண்டு. அதன்பின் அந்த வழக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

இந்தக் கூட்டத்தில் தலைவருக்கு இருக்கும் வலிமை ஒன்றே: சொல்வன்மை. அவர் கையில் காவலர் இல்லை, வரி இல்லை, களஞ்சியம் இல்லை. பேச்சு பிடிக்காதவர் குடும்பத்தோடு வேறொரு ஆற்றங்கரைக்குப் போய்விடலாம். இடம்பெயர்ந்து பயிரிடும் வாழ்க்கையில் இந்தப் போய்விடும் உரிமை, எந்தத் தலைவரையும் பணிவாக வைத்திருந்தது.

‘பெச்சாரா’ என்ற சொல்லும் மலாய் ‘பிச்சாரா’தான், அது வடமொழி ‘விசார’த்திலிருந்து வந்தது, நம் ‘விசாரணை’க்கு உடன்பிறப்பு. நம் தோட்டத்து விசாரணையில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார், மற்றவர் நின்று பதில் சொல்வார். செமாய் வீட்டில் எல்லோரும் ஒரே மூங்கில் தரையில் உட்கார்ந்து விடியும்வரை பேசுகிறார்கள். ஒரே சொல் இவ்வளவு வேறான இரண்டு முற்றங்களில் இறங்கியிருக்கிறது.

கடிதம் எந்த வழியாக வந்தது?

மலைக்காடு ஒருபோதும் தனித்துக் கிடக்கவில்லை. பிரம்பு, டமார் பிசின், மரப்பால், நாம் அகில் என்று சொல்லும் ‘காஹாரு’ ஆகியவை மலையிலிருந்து இறங்கின; உப்பு, இரும்பு, துணி ஏறின. ஆற்று முகப்பில் இருந்த மலாய்த் தலைவருக்கு ஒவ்வொரு குடும்பத்தோடும் பேரம் பேச நேரமில்லை. பொறுப்பேற்கும் ஒருவர் வேண்டும். அவருக்கு ஒரு பட்டம், சில வேளை ஒரு கடிதம். மலாய் ஆட்சியாளர்கள் பூர்வகுடித் தலைவர்களுக்கு ‘சூராட் குவாசா’ என்ற அதிகாரக் கடிதம் வழங்கியது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

வாணிகம் மட்டும் காரணமென்றால் செய்தி இனிமையாக இருந்திருக்கும். கர்க் எண்டிக்காட் 1983இல் வெளியிட்ட ஆய்வு இருண்ட பக்கத்தைத் திறக்கிறது. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் பூர்வகுடிக் குடியிருப்புகளைத் தாக்கி, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோகும் வேட்டை நடந்தது. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பெர்ச் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டதன் பின்னணியில் வரி வசூலோடு அடிமைமுறைப் பிணக்கும் இருந்தது. பிரிட்டிஷார் அம்மாநிலத்தில் அடிமைமுறையை ஒழித்தது 1880களில். செமாய் மக்களின் வன்முறை மறுப்பும் அந்நியரைக் கண்டால் காட்டுக்குள் மறையும் பழக்கமும் இந்த அச்சத்தோடு பிணைந்தவை என்று டென்டன் 2008இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். இதை வைத்து நான் ஊகிப்பது இது: வேட்டைக்காரர்கள் திரியும் காட்டில் ஒரு பெரிய தலைவரின் முத்திரையிட்ட தாள் வைத்திருப்பது மதிப்புக்காக மட்டும் இருந்திருக்காது. ‘இந்த ஊர் என்னுடையது, தொடாதே’ என்று ஒரு மலாய்த் தலைவர் இன்னொருவருக்குச் சொல்லும் அடையாளமாகவும் அது இருந்திருக்கும். பட்டம் பெற்றவர் தம் மக்களை ஆளவில்லை. அவர்கள் முன்னால் கேடயமாக நின்றார்.

அவசரகாலம் (1948–1960) இந்தத் தேவையைப் பன்மடங்காக்கியது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவும் வழிகாட்டிகளும் வேண்டும். அரசுக்கு அதைத் தடுக்க வேண்டும். இரு தரப்பும் ஊருக்குள் தேடியது தலைவரை. பூர்வகுடிகளுக்கென 1950இல் தனித் துறை உருவானது, காட்டுக்குள் கோட்டைகள் எழுந்தன, 1954இல் பூர்வகுடி மக்கள் சட்டம் வந்தது.

அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு நம் கேள்விக்கு முதன்மைச் சான்று. பரம்பரைத் தலைவர் உள்ள சமூகத்தில் அவரே தலைவர். அப்பதவி பரம்பரையாக இல்லாத சமூகத்தில் மக்கள் தேர்ந்தெடுப்பவர் தலைவர். இரண்டிலும் அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். அமைச்சர் எந்தத் தலைவரையும் பதவியிலிருந்து நீக்கலாம். சட்டம் இரண்டு வகைச் சமூகங்களை ஏற்கிறது, தலைவர் என்று ஒருவர் இல்லாத மூன்றாவது வகையை அது எண்ணிப் பார்க்கவே இல்லை. பழைய மரபைப் பதிவு செய்வதாகச் சொல்லிக்கொண்டே, எல்லா ஊருக்கும் ஒரு தலைவர் இருந்தாக வேண்டும் என்ற புதிய விதியை அது நிறுவிவிட்டது. சுவரில் நான் பார்த்த கடிதம் அந்த விதியின் பிள்ளை.

நமக்குத் தெரிந்த கங்காணி

இதைப் புரிந்துகொள்ளத் தோட்டத் தமிழருக்கு வேறு ஆய்வு நூல் வேண்டியதில்லை. கங்காணி நம் ஊர்களில் பழைய காலத்துப் பெரியவர் அல்லர். துரைக்கு நூறு பேரோடு பேச முடியாது, அவர்கள் மொழியும் தெரியாது. ஆள் சேர்க்க, பெரட்டுக்கு எழுப்ப, லயத்துச் சண்டையைத் தீர்க்க ஒருவர் தேவைப்பட்டார். அனுமதிச் சீட்டோடு ஊருக்குப் போய் உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தவருக்குக் கங்காணி என்ற அதிகாரம் வந்தது. 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியதும் அந்த ஆள்சேர்ப்பு ஆட்டங்கண்டது. ஆனால் ஊர்க்கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்கிய கங்காணிக் குடும்பங்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தன. வெளியார் கொடுத்த பதவி, இரண்டு தலைமுறையில் மரபு போலவே தோன்றத் தொடங்கிவிடுகிறது. பாத்தினும் கங்காணியும் ஒன்றல்ல. கங்காணி கூலியிலிருந்து பங்கு பெற்றார், கையில் பிரம்பு வைத்திருந்தார், பாத்தினிடம் அது இல்லை. ஒத்திருப்பது பிறந்த விதம் மட்டுமே. வெளியிலிருந்து வந்தவருக்குப் பேச ஒரு வாய் தேவைப்பட்டது.

எதிர்வாதம்

இந்த முடிவை மறுக்கும் வலுவான குரல் செமாய் மக்களிடமிருந்தே வருகிறது. செமாய் இனத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் ஜூலி எடோ, 1998இல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வில், பேராக் செமாய் மக்களின் நில உரிமையை அவர்கள் வாய்மொழி வரலாற்றின் வழியே நிறுவ முயன்றார். பேராக் மரபுக் கதைகளில் வெள்ளை இரத்தம் கொண்ட காட்டுப் பெண்ணும் அவளை மணந்த நாகோடா காசிமும் வருகிறார்கள். 1528இல் மலாக்கா வழிவந்த முசாபர் ஷா பேராக்கின் முதல் சுல்தான் ஆவதற்கு முன்பே, ஆற்றங்கரையில் செல்வாக்கோடு இருந்தவர்களாகப் பூர்வகுடியினரைக் காட்டும் நினைவு அது. தலைமை வெளியிலிருந்து வந்தது என்று சொல்வது, இந்த நினைவை மறைத்து, ‘உங்களுக்கு அரசும் இல்லை, எல்லையும் இல்லை, ஆகவே நிலமும் இல்லை’ என்று சொல்பவர்களுக்குக் கருவி கொடுத்துவிடாதா?

இந்த அச்சம் நியாயமானது. ஆனாலும் விடை என் வாதத்தைக் கைவிடுவதில் இல்லை என்று நம்புகிறேன். 1997இல் ஜொகூர் உயர்நீதிமன்றத்தில் அடோங் குவாவ் வழக்கிலும், 2002இல் ஷா ஆலமில் சாகோங் தாசி வழக்கிலும் நீதிமன்றங்கள் பூர்வகுடிகளின் மரபு நில உரிமையை ஏற்றபோது, அவர்களிடம் அரசர் இருந்தாரா என்று கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தில் வாழ்ந்து, பயன்படுத்தி, அதோடு உறவை விடாமல் இருந்ததே அடிப்படையானது. நிலம் ஊராருடையது, ஊராருக்கு மன்னர் இருந்ததால் அது அவர்களுடையது ஆகவில்லை. அரசர் இருந்ததை நிரூபித்தால்தான் ஒரு மக்களுக்கு வரலாறு உண்டு என்ற எண்ணம் நாம் வேளிரிடமிருந்தும் மூவேந்தரிடமிருந்தும் கொண்டுவந்தது. செமாய் மக்கள் மீது அதைச் சுமத்த நமக்கு உரிமையில்லை.

ஜூலி எடோவின் சான்றுகள் பேராக் தாழ்நிலத்தைச் சேர்ந்தவை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். அரசவைக்கு அருகிலிருந்த செமாய் ஊர்களில் தலைமை முன்பே கெட்டிப்பட்டிருக்கலாம்; தெலோம் பள்ளத்தாக்கில் அது பின்னால் வந்திருக்கலாம். ஒரே இனத்துக்குள்ளும் ஓர் உவர்நீர்ப் பக்கமும் ஒரு நன்னீர்ப் பக்கமும் இருந்திருக்கின்றன.

2019 ஜனவரி 26ஆம் நாள் இடைத்தேர்தலில் கேமரன் மலைத் தொகுதி ரம்லி முகமது நோரைத் தேர்ந்தெடுத்தது. ஒராங் அஸ்லி மக்களிலிருந்து மக்களவைக்குச் சென்ற முதல் உறுப்பினர் அவர். பாத்தினின் கடிதத்தைத் தருவது அமைச்சு. இந்தப் பதவியைத் தந்தது தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் செமாய் மக்களும் சேர்ந்து போட்ட வாக்கு. இதுவும் வெளியாரிடம் பேசும் வாய்தான், ஆனால் வேறு வழியாகப் பிறந்தது. இது ஊருக்குள் மூத்தோர் சொல்லை என்ன செய்யும் என்பதைத் தனியே ஆராய வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது எளிமையான வேலை. தெலோம், பெர்த்தாம் ஊர்களில் பழைய தலைவர் வீடுகளில் எஞ்சியிருக்கும் கடிதங்களைப் படமெடுத்து, எந்த ஆண்டு, யார் கொடுத்தது, எந்தப் பட்டம் என்று ஆற்றுவாரியாக அடுக்க வேண்டும். ஆற்று முகப்பிலிருந்து மேலே போகப் போகத் தேதிகள் பிந்திக்கொண்டே வந்தால் என் வாதம் நிற்கும், வராவிட்டால் விழும்.

அன்று கிளம்பும் முன், இந்தக் கடிதத்துக்கு முன்னால் வேறு ஏதாவது இருந்ததா என்று பெரியவரிடம் கேட்டேன். தம் தகப்பனாருடையது ஒன்று மூங்கில் குழாய்க்குள் சுருட்டி வைத்திருந்ததாகச் சொன்னார். பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கரையான் அரித்து, சிவப்பு அரக்கு முத்திரை மட்டும் மிச்சமிருந்ததாம். அதைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.